பாதத்துக்கும் கணுக்காலுக்கும் லேசர் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிகால் வலி, சுளுக்கு, நகப் பூஞ்சை, ஆறாத புண் என்று பாதத்தில் எது வந்தாலும் இப்போது யாராவது ஒருவர் "லேசர் வைத்துப் பாருங்களேன்" என்கிறார். சிலவற்றுக்கு அது நல்ல யோசனை. சிலவற்றுக்கு நேரமும் பணமும்தான் விரயம். ஒன்றிரண்டில் ஆபத்தும் உண்டு. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பதற்காக இந்தக் கேள்வி பதில்கள்.

லேசர் என்றால் அறுப்பது, சுடுவதுதானே? காலை என்ன செய்வார்கள்?

லேசர் என்ற ஒரே பெயரில் முக்கியமாக மூன்று வெவ்வேறு சிகிச்சைகள் நடக்கின்றன.

முதலாவது, வலிக்கும் வீக்கத்துக்கும் தருவது. இதை ஃபோட்டோபயோமாடுலேஷன் என்கிறார்கள்; கோல்டு லேசர், லோ லெவல் லேசர் என்பவை பழைய பெயர்கள். இதில் தோல் கிழிவதில்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. கருவியின் சக்தி 5 முதல் 500 மில்லிவாட் வரை இருந்தால் அது 3பி வகுப்பு. 500 மில்லிவாட்டைத் தாண்டினால் 4-ஆம் வகுப்பு. 4-ஆம் வகுப்புக் கருவியில் இதமான சூடு தெரியும், கவனம் தப்பினால் சுடும்.

இரண்டாவது, நகப் பூஞ்சைக்குப் பயன்படும், 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி.யாக் லேசர். அதன் நோக்கமே நகத்தைச் சூடாக்குவதுதான். மூன்றாவது, மருவை ஆவியாக்கி எடுக்கும் 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசர். இது மட்டும்தான் உண்மையில் சதையைச் சுட்டு நீக்குகிறது. இதற்கு மரத்துப்போகும் ஊசி வேண்டும், புண் ஆறவும் நாளாகும். உங்களுக்குச் சொல்லியிருப்பது இந்த மூன்றில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வெளிச்சம் பட்டால் வலி எப்படிக் குறையும்?

1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மயிர் மழிக்கப்பட்ட எலிகள்மீது குறைந்த சக்தி ரூபி லேசரைப் பாய்ச்சினார். லேசர் பட்ட இடத்தில் மயிர் வேகமாக வளர்ந்தது. இந்தத் துறையின் தொடக்கம் அதுதான்.

சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செல்லுக்குள் ஆற்றலை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சுகிறது. குறிப்பாக, சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி அதை வாங்கிக்கொள்கிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு விலகுகிறது. செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் குறைகின்றன. வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளின் வேகமும் சற்று மட்டுப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவு குறைந்தால் எதுவும் நடக்காது. அளவு மிஞ்சினால் நடந்த நன்மையும் திரும்பிப் போகும். "இன்னும் ரெண்டு நிமிஷம் கூட வையுங்க" என்று கேட்பதில் லாபம் இல்லை.

காலையில் முதல் அடி வைத்தாலே குதிகால் குத்துகிறது. லேசர் உதவுமா?

பாதத்தில் லேசருக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கும் இடம் இதுதான். குதிகால் எலும்பிலிருந்து விரல்களை நோக்கி ஓடும் உள்ளங்கால் பட்டை, எலும்போடு சேரும் இடத்தில் தடித்து வலிப்பதை பிளான்டார் ஃபேசியைடிஸ் என்கிறோம். படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் வலி உச்சம். நடக்க நடக்கக் குறையும். மாலையில் மீண்டும் எட்டிப் பார்க்கும். அல்ட்ராசவுண்டில் பட்டையின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். லேசர் வைத்தவர்களுக்குப் போலி லேசர் (ஒப்பிடுவதற்காக, ஒளி வராத கருவியை வைப்பது) வைத்தவர்களைவிட வலி குறைகிறது என்றும், அந்தப் பலன் சுமார் மூன்று மாதம்வரை தெரிகிறது என்றும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன.

ஆனால் எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. 1998-இல் வந்த ஒரு ஆய்வில் 30 மில்லிவாட் கருவியை வாரம் மூன்று முறை, நான்கு வாரம் வைத்துப் பார்த்தார்கள். போலி சிகிச்சைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. 30 மில்லிவாட் என்பது மிகச் சிறிய சக்தி. குதிகாலைப் பொறுத்தவரை அளவு போதாமை அடிக்கடி நேரும் தவறு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

குதிகாலின் அடித்தோல் உடம்பிலேயே மிகத் தடித்த தோல்களில் ஒன்று. அதற்கும் மேலே, மன்னிக்கவும் உள்ளே, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கொழுப்பு மெத்தை இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதி முதல் ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே கரைந்துவிடும். ஆகவே குதிகாலின் நட்ட நடுவில், நேராக அடியிலிருந்து புரோபை (ஒளி வெளிவரும் கைமுனையை) வைத்தால் பட்டைக்குப் போய்ச் சேருவது சொற்பம். பாதத்தின் உள்பக்கம், அதாவது மற்றக் காலைப் பார்க்கும் பக்கம், குதிகால் எலும்பு முடியும் விளிம்பில் தோல் மெலிந்திருக்கும். வலிக்கும் புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்திக் கண்டுபிடித்து, அந்த உள்பக்கத்திலிருந்து சாய்வாக வைப்பதே சரி. தோல் வெளிறும் அளவுக்கு லேசாக அழுத்திப் பிடித்தால், இடையில் இருக்கும் ரத்தம் விலகி ஒளி இன்னும் ஆழமாக இறங்கும்.

லேசர் வலியைக் குறைக்கும், பட்டையைப் பலப்படுத்தாது. அதற்குப் பயிற்சிதான் வழி. சுருட்டிய துண்டு ஒன்றைப் படியின் விளிம்பில் வைத்து, கால்விரல்கள் அதன்மேல் மடங்கி நிமிர்ந்திருக்க, குதிகாலை 3 விநாடியில் உயர்த்துங்கள். 2 விநாடி நிறுத்துங்கள். 3 விநாடியில் இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று மாதம். இதைச் செய்யாமல் லேசரை மட்டும் நம்பினால் வலி திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

"எங்களிடம் 15 வாட் மெஷின்", "எங்களுடையது 25 வாட்" என்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லதா?

அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. உடம்புக்குள் போகும் ஆற்றல் ஜூலில் அளக்கப்படுகிறது: வாட்டை விநாடியால் பெருக்கினால் ஜூல். 100 மில்லிவாட் புரோப் ஒரு புள்ளியில் 40 விநாடி இருந்தால் 4 ஜூல். 500 மில்லிவாட் புரோப் அதை 8 விநாடியில் தந்துவிடும். 10 வாட் கருவி ஒரு நிமிடத்தில் 600 ஜூல் தரும். ஆனால் அது ஒரு புள்ளியில் நிற்காது, பெரிய பரப்பில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். எனவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

துடிப்பாக வரும் 904 நானோமீட்டர் கருவிகளில்தான் குழப்பம் அதிகம். விளம்பரத்தில் 20 வாட் என்று போட்டிருக்கும். அது ஒரே ஒரு துடிப்பின் உச்ச சக்தி. துடிப்பு 200 நானோவிநாடிதான் நீடிக்கும். விநாடிக்கு 5,000 துடிப்பு என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கினால் சராசரி சக்தி 0.02 வாட், அதாவது 20 மில்லிவாட். சிகிச்சைக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த 20 மில்லிவாட்டைத்தான். கருவி மோசம் என்று சொல்லவில்லை. 904 நானோமீட்டருக்குத் தேவையான ஆற்றலும் குறைவுதான். 20 வாட் என்று நினைத்து நேரத்தைக் குறைத்துவிட்டால்தான் தவறு.

உலக ஃபோட்டோபயோமாடுலேஷன் சங்கத்தின் பரிந்துரைப்படி, 780 முதல் 860 நானோமீட்டர் கருவியில் உள்ளங்கால் பட்டைக்கும், குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் அக்கிலிஸ் தசைநாணுக்கும் 2 அல்லது 3 புள்ளிகளில், புள்ளிக்குக் குறைந்தது 4 ஜூல், மொத்தம் குறைந்தது 8 ஜூல் தேவை. இரண்டு வாரம் தினமும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று நான்கு வாரம். இவை 3பி வகுப்புக்கான எண்கள். 4-ஆம் வகுப்புக் கருவிக்கு இதை அப்படியே எடுத்துப் போட முடியாது.

சிகிச்சை தருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அலைநீளம் எவ்வளவு, சராசரி சக்தி எவ்வளவு, புள்ளிக்கு எத்தனை ஜூல். உங்கள் குறிப்பேட்டில் இந்த மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். "மெஷினே செட் பண்ணிக்கும்" என்ற பதில் எங்களுக்குத் திருப்தி தராது, உங்களுக்கும் தரக்கூடாது.

குதிகாலுக்குப் பின்னால், அக்கிலிஸ் தசைநாணில் வலி. இதற்கு?

வலி எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள். எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, தசைநாணின் நடுப்பகுதியில் என்றால் ஒரு வகை. எலும்போடு சேரும் இடத்திலேயே என்றால் இன்னொரு வகை. இரண்டிலும் பயிற்சிதான் முதன்மைச் சிகிச்சை. நடுப்பகுதி வலிக்கு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி: 15 முறை வீதம் 3 சுற்று, தினம் இருவேளை, 12 வாரம். எலும்போடு சேரும் இடத்தில் வலி என்றால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரை மட்டத்தோடு நிறுத்த வேண்டும். கீழே இறக்கினால் தசைநாண் எலும்பில் நசுங்கி வலி கூடும்.

லேசரைப் பற்றி இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. 2008 ஆய்வில் பயிற்சியோடு லேசரும் சேர்த்தவர்கள் விரைவாகத் தேறினார்கள். 2012 ஆய்வில் லேசர் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. எங்கள் கருத்து: பயிற்சி செய்யவே முடியாத அளவுக்கு வலி இருந்தால், முதல் சில வாரங்களுக்கு லேசரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கணுக்கால் சுளுக்கிவிட்டது. உடனே லேசர் வைக்கலாமா?

முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பில், கீழ் 6 சென்டிமீட்டருக்குள்ளோ நுனியிலோ அழுத்தினால் எலும்பே வலிக்கிறதா? சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில் துருத்தும் எலும்பு வலிக்கிறதா? பாதத்தின் உள்பக்க வளைவின் உச்சியில் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்தபோதும் நான்கு அடி நடக்க முடியவில்லையா? இதில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும்.

முறிவு இல்லாத வெறும் சுளுக்குக்கு லேசரை நாங்கள் வற்புறுத்துவதில்லை. 1998-இல் 217 பேரிடம் 904 நானோமீட்டர் லேசரைச் சோதித்தார்கள். போலி லேசரைவிட அது மேலாக இருக்கவில்லை. கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ், வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரமே ஊன்றி நடப்பது, ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவது: இவைதான் மறுபடி சுளுக்காமல் காக்கும்.

கால்நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது. லேசரில் பூஞ்சை போய்விடுமா?

அது பூஞ்சைதானா என்பதே முதல் கேள்வி. தடித்து உருமாறிய நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சை. மற்றவை இறுக்கமான செருப்பின் உரசல், பழைய அடி, சொரியாசிஸ் போன்றவை. நகத்தின் அடியிலிருந்து சுரண்டி எடுத்த துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தோ, பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வைத்தோ, அதன் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். செய்தோ உறுதிப்படுத்தாமல் லேசர் தொடங்க வேண்டாம். நகத்தில் கறுப்பு அல்லது பழுப்புக் கோடு இருந்தால், அதுவும் அகன்றுகொண்டே போய் நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு படர்ந்தால், லேசரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம். உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூஞ்சைதான் என்று தெரிந்த பிறகும் எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள். 2010-இல் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த லேசருக்கு அனுமதி தந்தபோது பயன்படுத்திய சொற்கள், "தெளிவான நகம் தற்காலிகமாகக் கூடுவதற்கு" என்ற பொருள்படுபவை. பூஞ்சையைக் குணமாக்கும் என்று அதில் இல்லை. பூஞ்சை அழிந்ததை ஆய்வகத்தில் உறுதிசெய்து பார்த்த ஆய்வுகளில், லேசருக்கும் போலி சிகிச்சைக்கும் இடையே வேறுபாடு இல்லை அல்லது மிகக் குறைவு. காரணமும் ஊகிக்கக் கூடியதே. நகத்தின் சூடு 45 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே வலிக்கத் தொடங்கிவிடும். பூஞ்சையைக் கொல்ல அதைவிடக் கூடுதல் சூடு நிமிடக்கணக்கில் வேண்டும்.

பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபின் மாத்திரை, தினம் 250 மில்லிகிராம், 12 வாரம் என்பது இன்றும் லேசரைவிட நன்றாக வேலை செய்கிறது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் அது ஒத்துவராது. அவர்களுக்கு லேசரைப் பூசும் மருந்தோடு சேர்த்து முயலலாம். நகத்தை முன்கூட்டியே தேய்த்து மெலிதாக்கினால்தான் ஒளி உள்ளே போகும். நகப்பூச்சைச் சுத்தமாக நீக்கிவிட்டு வர வேண்டும். கால்நகம் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். எந்தச் சிகிச்சை எடுத்தாலும் பெருவிரல் நகம் முழுதாகப் புதுப்பிக்க 12 முதல் 18 மாதம் ஆகும். மூன்று மாதத்தில் "பலிக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடியிலிருந்து புதிதாக வளரும் பகுதி தெளிவாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உள்ளங்கால் மருவுக்கு?

பல மருக்கள் தானாகவே உதிரும். முதலில் சாலிசிலிக் அமிலம், அடுத்து திரவ நைட்ரஜன். இரண்டும் பலிக்காமல் மாதக்கணக்கில் நீடித்தால்தான் லேசர். 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் மருவுக்கு உணவூட்டும் ரத்தக் குழாய்களை அடைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு லேசர் மருவையே ஆவியாக்குகிறது. பின்னதில் எழும் புகையில் மரு வைரஸின் மரபுப்பொருள் இருக்கலாம். ஆகவே புகை உறிஞ்சும் கருவியும் முகக்கவசமும் இல்லாத அறையில் செய்துகொள்ளக் கூடாது. அழுந்தும் இடத்தில் தழும்பு விழுந்தால் அதுவே ஊன்றும்போதெல்லாம் வலிக்கும் என்பதையும் எடைபோட்டுப் பாருங்கள்.

கால் ஆணி வேறு, மரு வேறு. கால் ஆணி அழுத்தத்தால் வருவது. அழுத்தம் நீங்காமல் எந்த லேசரும் அதைத் தீர்க்காது.

சர்க்கரை நோய் இருக்கிறது. பாதம் மரத்துப் போயிருக்கிறது, ஒரு புண்ணும் ஆறவில்லை. லேசர் செய்யலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் மிகுந்த கவனத்தோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 4-ஆம் வகுப்பு லேசரில் சுடுகிறதா என்று சொல்ல வேண்டியவர் நோயாளி. உணர்ச்சி இல்லாத பாதம் அதைச் சொல்லாது. சிகிச்சை தருபவர் கவனிக்கும் முன்பே கொப்புளம் வந்துவிடும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ஒரு கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கும் வரை போகலாம். அதனால் முதலில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். அது உணரப்படவில்லை என்றால் சூடேற்றும் லேசர் வேண்டாம்.

ஆறாத புண்ணுக்கு அடிப்படை நான்கு: புண்மீது எடை விழாமல் தடுப்பது, இறந்த சதையை அகற்றுவது, தொற்றை அடக்குவது, காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்த்துச் சரிசெய்வது. கூடவே சர்க்கரைக் கட்டுப்பாடு. இவை எல்லாம் நடக்கும்போது குறைந்த சக்தி லேசரைக் கூடுதலாகச் சேர்ப்பதில் சில சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. இவை எதுவும் நடக்காமல் லேசர் மட்டும் நடந்தால், போகும் ஒவ்வொரு வாரமும் நோயாளிக்கு நட்டம்.

இன்னொன்று: மரத்த பாதம் திடீரென வீங்கி, சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருந்து, வலி மட்டும் குறைவாக இருந்தால் அது சார்க்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். சுளுக்கு என்று நினைத்து லேசர் வைத்துக்கொண்டு நடமாடினால் பாதத்தின் வடிவமே குலைந்துவிடும். அன்றே ஊன்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு அமர்வு எப்படி நடக்கும்? வலிக்குமா?

சாக்ஸ், உலோக நகை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தைலம், களிம்பு பூசியிருந்தால் துடைக்க வேண்டும். துணியின் மேலாக லேசர் வைப்பது வீண். அறையில் இருக்கும் அனைவரும், துணைக்கு வந்தவர் உட்பட, அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். சாதாரணக் கூலிங் கிளாஸ் உதவாது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமை தானாக மூடாது. விழித்திரை கருகிய பிறகே தெரியும். நகையிலும் எஃகுத் தட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளியும் ஆபத்தே.

3பி கருவியில் எதுவுமே உணராமல் போகலாம். அதனால் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. 4-ஆம் வகுப்பில் இதமான சூடு வரும். புரோப் ஓரிடத்தில் நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கறுத்த தோலும் பச்சை குத்திய இடமும் ஒளியை அதிகம் உறிஞ்சும். அங்கே சக்தியைக் குறைத்து வேகத்தைக் கூட்ட வேண்டும். சுருக்கென்றால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே சொல்லுங்கள். அமர்வு பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் ஓரிரண்டு அமர்வுக்குப் பின் ஒரு நாள் வலி சற்றுக் கூடுவதுண்டு. இரண்டு நாளைத் தாண்டினால் அளவு அதிகம் என்று பொருள். அடுத்த முறை குறைக்கச் சொல்லுங்கள்.

காலில் பிளேட், ஸ்க்ரூ இருக்கிறது. பரவாயில்லையா?

3பி லேசருக்கு உலோகம் தடையில்லை. 4-ஆம் வகுப்பில், தோலுக்குச் சற்றுக் கீழே ஸ்க்ரூ தட்டுப்படும் இடத்தின் மேல் வேண்டாம்.

யார் செய்துகொள்ளக் கூடாது?

பாதத்தில் புற்றுநோய்க் கட்டி, அல்லது இன்னதென்று உறுதிசெய்யப்படாத கட்டி, மச்சம் இருக்கும் இடத்தில் கூடாது. ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து எடுப்பவர்கள், குறிப்பாக ஃபோட்டோடைனமிக் சிகிச்சை (மருந்து தந்து ஒளியால் அதைச் செயல்பட வைக்கும் முறை) பெற்றவர்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டும். கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்த உறைவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வளரும் குழந்தைகளின் எலும்பு வளர்ச்சித் தட்டுகளின்மேல் அதிக சக்தி லேசரைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்குப் பாதத்தில் வைப்பதால் கருவுக்கு ஒளி போகாது. இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சிறு கருவிகள் வாங்கலாமா?

பெரும்பாலானவை லேசர் அல்ல, எல்.இ.டி. அதனாலேயே பயனற்றவை என்று சொல்ல முடியாது. பெட்டியிலோ கையேட்டிலோ அலைநீளமும் மில்லிவாட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாததை வாங்காதீர்கள். போட்டிருந்தால், மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்: 5 மில்லிவாட் கருவி ஒரு புள்ளியில் 4 ஜூல் தர 800 விநாடி, அதாவது 13 நிமிடத்துக்கு மேல் அசையாமல் பிடிக்க வேண்டும். மூன்று புள்ளிக்கு 40 நிமிடம். அவ்வளவு நேரம் தினமும் பிடிப்பவர் அரிது.

எத்தனை அமர்வு? பலன் இல்லை என்று எப்போது முடிவு செய்வது?

வலிக்கான லேசரில் 6 முதல் 12 அமர்வு வழக்கம். தொடங்கும் முன் இரண்டை எழுதி வையுங்கள்: காலையில் முதல் அடியின் வலிக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண், வலி தொடங்காமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது. ஆறாவது அமர்வில் இரண்டையும் மறுபடி எழுதிப் பாருங்கள். இரண்டிலும் அசைவே இல்லை என்றால், இன்னும் பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டாதீர்கள். முதலில் புள்ளியும் ஜூலும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாளானால் கருவியின் வெளியீடு தேய்ந்துபோகும். லென்ஸில் களிம்பு படிந்தாலும் பாதி ஒளி வெளியே வராது. பவர் மீட்டர் வைத்து அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது சரியாக இருந்தும் வலி குறையவில்லை என்றால் நோயறிதலை மறுபடி பாருங்கள். குதிகால் எலும்பில் மெல்லிய விரிசல், கணுக்காலின் உள்பக்கம் நசுங்கிய நரம்பு, இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு வலி, மூட்டழற்சி நோய் ஆகியவையும் குதிகால் வலியாகவே வரும். குதிகாலை இரு பக்கத்திலிருந்தும் உள்ளங்கைகளால் அழுத்தும்போது வலி அதிகமானால் விரிசலைச் சந்தேகித்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள், தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் அது தெரியாமல் போகலாம்.